நாதஸ்வர உறைக்குள் இருந்த தட்டு

தம்பி,

ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் நாற்பது நிமிடம் கதைக்கிற அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள், அதுவும் தமிழ்க் கடை வாசலில் இலவசமாக அடுக்கி வைக்கிற பத்திரிகையில் ஏன் எழுதுகிறாள் என்று நீ கேட்பாய். கறிவேப்பிலை வாங்க வருகிறவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக் கதையை வாசிக்கப் போகிறார்கள். வாசிக்கட்டும். ஒன்பது வருடத்துக்கு முன், உன் பதினேழாவது பிறந்தநாளில், அப்பா உன்னைக் கள்ளன் என்று சொன்னது முப்பது பேர் இருந்த சபையில். அந்த முப்பது பேரில் பாதிப் பேராவது இந்தப் பத்திரிகையை எடுக்கிறவர்கள். சபையில் விழுந்த சொல்லைச் சபையில்தான் எடுக்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். எடுக்க வேண்டியவள் நான். ஏனென்றால் அந்த இசைத்தட்டை எடுத்து ஒளித்தவள் நான்.

சொல்லிவிட்டேன். இதை எழுதிய பிறகு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். உனக்கு இப்போது இந்தத் தாளைக் கசக்கி எறியத் தோன்றினால் எறி. ஆனால் எறிந்த பிறகு எடுத்து விரித்து மீதியையும் வாசி. உன் கலியாணத்துக்கு இன்னும் ஆறு கிழமைதான் இருக்கிறது, அதற்குள் நீ தெரிந்துகொள்ள வேண்டிய வேறு களவுகளும் இதில் இருக்கின்றன.

அப்பா இந்த நாட்டுக்கு வந்தபோது உனக்கு இரண்டு வயது. நீயும் நானும் வந்து சேர்ந்தபோது உனக்கு எட்டு. நடுவில் போன அந்த ஆறு வருடத்தைப் பற்றி அவர் எனக்குச் சொன்னதெல்லாம் ஆறு வசனத்தில் அடங்கும். மொன்ட்ரியால்-நோரில் ஒரு வீட்டில் ஆறு ஆண்கள் இருந்தார்கள், முறை வைத்துச் சமைத்தார்கள், டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களைத் துப்புரவாக்கினார், குளிர், வேறென்ன, அவ்வளவுதான். ஆனால் அந்த ஆறு வருடத்தின் சாட்சியாக வீட்டுக்குள் இருநூறுக்கு மேற்பட்ட இசைத்தட்டுகள் இருந்தன. நான் பெட்டியும் பிள்ளையுமாக வந்து இறங்கியபோது உடுப்பு வைக்க அலுமாரி இல்லை, இசைத்தட்டு வைக்க ஆள் உயர அடுக்கு இருந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "தெருவில எடுத்தனான்" என்றார். ஜூலை முதலாம் தேதி பாதி நகரம் வீடு மாறும், மாறுகிறவர்கள் தூக்க முடியாததை நடைபாதையில் விட்டுவிட்டுப் போவார்கள் என்றார். ஊரில் உடைந்த சிரட்டையைக்கூட அடுப்புக்கு வைத்திருக்கிற வீட்டில் இருந்து வந்தவள் நான். நல்ல பொருளைத் தெருவில் போட்டுவிட்டுப் போகிற ஒரு சனம் உலகத்தில் இருக்கிறது என்று எப்படி நம்புவேன்?

வந்த முதல் கிழமை, ஒரு பின்னேரம், அப்பா என்னைக் கதிரையில் இருத்தி ஒரு தட்டை எடுத்துக் காட்டினார். உறையில் ஐந்து தாடிக்காரரும் ஒரு நாயும் ஒரு பழைய லொறியும் நின்றார்கள். அமெரிக்காவின் தென்பக்கத்து ஆட்கள். அதற்குச் சதர்ன் றொக் என்று பெயர் என்பதைப் பின்னாளில் நீதான் எனக்குச் சொன்னாய். "இதைக் கொஞ்சம் கேளும்," என்றார். அவர் முகத்தில் இருந்த ஆசையை நான் பார்த்தேன், தம்பி. பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதே நேரம் உறையின் மூலையையும் பார்த்தேன். நீல மையில், வட்ட வட்டமான எழுத்தில் ஒரு பெயர் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். மனோன். தட்டு சுழல, கிட்டார் கிறீச்சிட, என் வயிறு எரியத் தொடங்கியது. "என்ன பேய்க் கூத்து இது, நிப்பாட்டுங்கோ," என்றேன். அவர் நிறுத்தினார். அதற்குப் பிறகு ஒருநாளும் எனக்கு எதையும் போட்டுக் காட்டவில்லை.

புதிதாக வந்தவர்களுக்கான பிரெஞ்சு வகுப்பில் நான் கேட்ட முதல் கேள்வி என்ன என்று உனக்குத் தெரியாது. மற்றவர்கள் மெத்ரோ எங்கே, பால் எங்கே என்று கேட்டார்கள். நான் ஒரு கிழமை மனதுக்குள் வசனம் அமைத்து, எழுந்து நின்று, மனோன் என்பது ஆணா பெண்ணா என்று கேட்டேன். பெண் பெயர், வடிவான பெயர் என்று ஆசிரியை சிரித்தாள். வடிவு என்ற சொல்லோடு நான் வீட்டுக்கு வந்தேன். அடுத்த ஜூலை முதலாம் தேதி தெருவெல்லாம் சோபாவும் மெத்தையும் பெட்டி பெட்டியாகப் புத்தகமும் கிடந்ததை என் கண்ணாலேயே கண்டேன். அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம் என்று அப்போது நினைத்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் என் மனதில் மனோனுக்குப் பழுப்பு முடியும் உயரமும் வந்துவிட்டன. வந்தவளைப் போ என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவரிடம் நேரே கேட்கவும் இல்லை. கேட்டு அவர் ஓம் என்றுவிட்டால், இந்தக் குளிருக்குள் பிள்ளையையும் கொண்டு எங்கே போவது? கேட்காமல் இருந்தால் அவள் இருந்தாலும் இல்லாதவள் மாதிரி. அப்படி ஒரு கணக்குப் போட்டு வாழ்ந்தேன்.

பிறகு நீ. உனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பா எங்கேயோ இருந்து ஒரு சின்னச் சாமான் கொண்டு வந்து றெக்கோட் பிளேயரில் செருகினார். ஒரு துளை இரண்டானது. இரண்டு ஹெட்போன். ஒன்று அவருக்கு, ஒன்று உனக்கு. சனிக்கிழமை பின்னேரங்களில் நீங்கள் இருவரும் அந்தப் பின்னறையில் கீழே சப்பாணி கட்டி இருப்பீர்கள். வெளியில் நிற்கிற எனக்கு ஒரு சத்தமும் இல்லை. ஊசி தட்டில் உரசுகிற ஒலி மட்டும் மெல்லியதாக வரும். சத்தமாகப் போட்டிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். திடீரென்று இருவரும் ஒரே நேரத்தில் சிரிப்பீர்கள், ஒரே நேரத்தில் தலையாட்டுவீர்கள். எந்த இடத்தில், எதற்கு என்று எனக்குத் தெரியாது. சொந்த வீட்டில், நானே கூட்டித் துடைத்த அறையின் வாசலில், விருந்தாளி மாதிரி நின்றிருக்கிறேன்.

ஒரு வடைக் கதையையும் சொல்லிவிடுகிறேன். உன் பதினேழாவது பிறந்தநாளுக்கு மூன்று நாள் முந்தி, சனிக்கிழமைகூட இல்லை. பின்னேரம் வடை சுட்டு, சட்னியும் வைத்து, வடைக் கோப்பையைக் கொண்டு அறைக்குள் வந்தேன். அந்தத் தாடிக்காரரின் தட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் கண்ணை மூடியிருந்தீர்கள். அவருடைய வலது கைச் சுண்டுவிரல் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தது. உன்னுடைய வலது கைச் சுண்டுவிரலும் அப்படியே. சுண்டுவிரலால் தட்டுகிறவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. கோப்பையோடு நின்றேன். வடை ஆறும்வரை நின்றேன். ஒருவரும் கண் திறக்கவில்லை. திரும்பிக் குசினிக்குப் போய் ஏழு வடையையும் நானே தின்றேன். தின்று முடித்தபோது தீர்மானித்துவிட்டேன்.

அடுத்தநாள் நீ பள்ளிக்கூடம், அவர் வேலை. உறையை அடுக்கிலேயே விட்டுவிட்டுத் தட்டை மட்டும் உருவினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனால் எனக்கு ஒரு நல்ல சோறு கிடைத்தது. நான் ஊரிலிருந்து உடுப்புக்கு நடுவில் வைத்துக் கொண்டு வந்த ஒரேயொரு தட்டு, நாதஸ்வர மங்கல இசை. தைப்பொங்கலுக்கும் வருடப் பிறப்புக்கும் நான்தான் போடுவேன். நீங்கள் இருவரும் அதைத் தொட மாட்டீர்கள். அந்த உறைக்குள், நாதஸ்வரத் தட்டுக்குப் பின்னால், தாடிக்காரரைச் செருகினேன். ஒரு கிழமை போதும் என்றுதான் நினைத்தேன். நீங்கள் தேட வேண்டும், தேடிக் களைத்து, "அம்மா, கண்டீங்களோ?" என்று என்னிடம் வர வேண்டும். நான் எடுத்துத் தர வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஒரு திட்டமும் இருக்கவில்லை.

மிச்சம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் என் பக்கத்தில் இருந்து தெரியாது. பிறந்தநாள் சபையில் அப்பா தன்னோடு வேலை செய்கிறவருக்குக் காட்டவென்று உறையை எடுத்தார். எடுத்த கைக்கே பாரம் இல்லை என்று தெரிந்துவிட்டது. அதற்கு முந்தின மாதம்தான் நீ கேட்காமல் இரண்டு தட்டைக் கூட்டாளி வீட்டுக்குக் கொண்டுபோய் ஒன்றைக் கீறலோடு கொண்டு வந்திருந்தாய்.

"எங்க தட்டு?" என்றார்.

நீ திகைத்துப் போய், வாயில் வந்த பாஷையில், "செ பா முவா," என்றாய். நான் இல்லை என்றுதான் சொன்னாய். ஆனால் சபையில் தகப்பனுக்குப் பிரெஞ்சில் பதில் சொன்னாய் என்பதுதான் அவருக்குக் கேட்டது.

"வீட்டுக்குள்ள ஒரு கள்ளனை வளர்த்திருக்கிறன்," என்றார்.

நான் பற்றீஸ் பலகாரத் தட்டத்தோடு நின்றேன். வாயைத் திறக்க அரை நிமிடம் இருந்தது. அந்த அரை நிமிடத்தில் திறந்திருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள், பொம்பிளையின் விளையாட்டு என்று போயிருக்கும். நான் பற்றீசைப் பக்கத்தில் இருந்தவருக்கு நீட்டினேன். அவர் எடுத்துக்கொண்டு, சோஸ் இருக்கிறதா என்று கேட்டார். போய் எடுத்து வந்தேன். அதற்குள் நீ வெளிக்கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாய்.

அன்றைக்குப் பயத்தால் சொல்லவில்லை. பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அதுதான் எழுதக் கை கூசுகிற இடம். நீ பின்னறைக்குப் போவதை விட்டாய். பள்ளிக்கூடம் முடிந்து நேரே குசினிக்கு வந்தாய். மேசையில் இருந்து படித்தாய், நான் வெங்காயம் வெட்டும்போது கதை சொன்னாய், நான் வைத்த சாப்பாட்டை ருசி பார்த்து உப்புச் சொன்னாய். ஏழு வருடமாக எனக்குக் கிடைக்காத பிள்ளை எனக்குக் கிடைத்தான். அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்கள். எனக்கு நல்ல போசனம் கிடைத்தது.

படிக்கவென்று நீ ரொறன்ரோ போனபின் அதுவே தொழிலாகிவிட்டது. நீ அவரோடு கதைப்பதில்லை, அவர் உன்னோடு கதைப்பதில்லை, இரண்டு பக்கத்துச் செய்தியும் என் வழியாகத்தான். கள்ளனைக் காவலுக்கு வைத்த கதை. நீ, "அப்பாட முழங்கால் எப்பிடி?" என்று கேட்பாய். நான் அவரிடம், "எல்லாரும் சுகமோ எண்டு கேட்டவன்," என்பேன். அவர் முதல் பனி விழுகிற அன்று, "டயரை மாத்தச் சொல்லும் அவனை, அந்த நெடுஞ்சாலை சரியில்லை," என்பார். நான் உன்னிடம், "டயரை மாத்து ராசா, அம்மாக்குப் பயமா இருக்கு," என்பேன். ஏழு குளிர்காலமாக உன் டயரைப் பற்றிக் கவலைப்பட்டவர் அவர், தம்பி. எனக்குக் குளிர்கால டயருக்கும் கோடைகால டயருக்கும் வித்தியாசம் தெரியாது. போன வருடம், நீ கட்டப்போகிற நிரூபா என்னோடு கதைக்கும்போது, "மாமி, அவர் அந்தத் தட்டைத் தேடி எத்தினை கடை ஏறி இறங்கினவர் தெரியுமே?" என்றாள். ஒரு கடையில் கண்டுபிடித்துக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, வாங்காமல் வைத்துவிட்டு வந்தாயாம். வாங்கிக் கொடுத்தால் களவெடுத்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று சொன்னாயாம். அதைக் கேட்டு என் நெஞ்சு துடித்திருக்க வேண்டும். துடித்தது. ஆனால் முதலில் வந்தது என்ன தெரியுமா? இது இவளுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லையே என்ற எரிச்சல். அப்பாவிடமும் அதைச் சொல்லவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய களவு இந்தச் சித்திரையில் செய்தது. நீ கேட்டாய்: "அம்மா, மணவறையில அப்பா எனக்குப் பக்கத்தில நிப்பாரோ? நான் கேட்டனான் எண்டு சொல்லிக் கேளுங்கோ." நான் போனை வைத்துவிட்டு அவரிடம், "கலியாணத்துக்கு வரச் சொன்னவன்," என்றேன். அவர், "போகாமல்? பின்வரிசையில இருந்திட்டு வாறன்," என்றார். உன்னிடம், "அப்பா வருவாராம்," என்றேன். இருவருக்கும் பாதிப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தேன். மீதிப் பாதியை நானே வைத்துக்கொண்டேன்.

இனிக் கேள், எப்படி அகப்பட்டேன் என்று. அப்பாவின் முழங்காலுக்கு இந்த மாடிப்படி இனிச் சரிவராது. நாங்கள் இருக்கிற நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியிலேயே, இரண்டு தெரு தள்ளி, லிப்ட் உள்ள கட்டடத்தில் ஒரு சின்ன வீடு எடுத்திருக்கிறோம். ஜூலை ஒன்றில் மாறுகிறோம். தட்டுகளுக்கு அங்கே இடமில்லை. விற்கலாம் என்று அவரே சொன்னார். "கேட்க ஆளில்லை," என்றார். பழைய இசைத்தட்டுக் கடை வைத்திருக்கிற ஒருவர் போன கிழமை பகல் வந்தார். கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர். ஒவ்வொரு தட்டையும் உறையில் இருந்து எடுத்து, யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்து, கீறல் இருக்கிறதா என்று பார்த்து, திரும்ப உறையில் போட்டு வைப்பார். எனக்கு வருவது கார்தெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளோடு வேலை செய்து பழகிய பிரெஞ்சு. அதில் அவருக்குக் கோப்பி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றேன். அவர் உறைகளின் மூலையில் இருந்த பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தார். "சில்வான்," என்றார். "மனோன்," என்றார். இன்னொன்றை எடுத்து, "திரும்பவும் மனோன்," என்று சிரித்தார்.

பதினொரு தட்டில் மனோன் இருந்தாள். அந்தக் காலத்தில் பிள்ளைகள் விருந்துகளுக்குத் தட்டுக் கொண்டுபோவார்களாம், மாறிப் போகாமல் இருக்கப் பெயர் எழுதுவார்களாம். அவர் கடையில் இருக்கிற தட்டுகளில் பாதி அப்படித்தானாம். "இந்த மனோன் உங்களுக்குத் தெரிந்தவளா?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா அவருக்கு இல்லையென்று தலையாட்டிவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில், "ஆர் பெத்த பிள்ளையோ, ஜூலை ஒண்டில பெட்டியோட வைச்சிட்டுப் போனவ. நான் முகமும் காணேல்லை," என்றார். பதினெட்டு வருடம் நான் ஊட்டி வளர்த்த சக்களத்தி ஒரு நிமிடத்தில் செத்துப் போனாள். அந்த அடுக்குகளைப் பதினெட்டு வருடமாகத் தூசி துடைத்திருக்கிறேன், தம்பி. ஒருநாள் ஒரு நாலு உறையை உருவிப் பார்த்திருந்தால் போதும். ரோசத்தில் தொடவில்லை.

ஆறுதலாக மூச்சு விட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அப்பா மேசையில் தனியாக வைத்திருந்த நாதஸ்வரத் தட்டை எடுத்து, பெருமையோடு கடைக்காரரிடம் நீட்டினார். "இது விக்கிறதுக்கில்லை. மனிசி ஊரிலயிருந்து கொண்டு வந்தது. சும்மா பாருங்கோ," என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னார். நான் கையை நீட்டுவதற்குள் அந்த மனிதர் வாங்கிவிட்டார். கையில் வைத்து ஒருதரம் தூக்கிப் பார்த்தார். "பாரமாக இருக்கிறதே, மதாம்," என்றார். உறையைச் சரித்தார். ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு தட்டு வந்தன.

அப்பா கதிரையில் இருந்து எழும்பினார். முழங்காலைப் பிடிக்காமல் எழும்பினார். தட்டை வாங்கி நடுவில் இருந்த லேபிளை வாசித்தார். போய் அந்த வெறும் உறையை எடுத்து வந்தார். அதை அவர் எறியவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தட்டை அதற்குள் போட்டார். கடைக்காரர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு மளமளவென்று பெட்டிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

"நீரோ?" என்றார் அப்பா.

"ஓம்."

"அப்ப பிள்ளை எடுக்கேல்லை."

"இல்லை."

"ஒன்பது வருசம்," என்றார். பிறகு இரண்டு நாள் என்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

அந்த இரண்டு நாளும் நான் வெறும் அடுக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனோன் போய்விட்டாள், எரிச்சல் போகவில்லை. அது எங்கே இருக்கிறது என்று தேடினேன். உன்மேல் இருந்தது, தம்பி. தொடக்கத்தில் இருந்தே பாதி உன்மேல்தான் இருந்திருக்கிறது. பெற்ற பிள்ளைமேல் பொறாமைப்பட்டேன் என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? அதனால்தான் எனக்கு அந்தப் பெண் தேவைப்பட்டாள். அவளைத் திட்டினால் பாவம் இல்லை.

மூன்றாம் நாள் நானே தொடங்கினேன். அழுதுகொண்டு இல்லை, கோபத்தோடுதான். "பிள்ளையைக் கூப்பிட்டு இருத்தினீங்கள். என்னை ஏன் ஒருநாளும் கூப்பிடேல்லை?" என்றேன்.

"கூப்பிட்டனான். நீர் வந்த முதல் கிழமையே கூப்பிட்டனான். நீர்தான் நிப்பாட்டச் சொன்னனீர்."

பிறகு அவரே சொன்னார்: "அந்த வீட்டில ஆறு பேர். தனிய இருந்து அழக்கூட இடமில்லை. இதைக் காதில போட்டா எனக்கொரு அறை. பாட்டு ஒரு சொல்லும் விளங்கேல்லை. அந்த அறையைத்தான் உமக்குக் காட்ட நினைச்சனான்." ஆறு வருடத்தைப் பற்றி அவர் எனக்குச் சொன்ன ஏழாவது வசனம் அது.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். முழங்கால், டயர், கடையில் நீ எடுத்துப் பார்த்துவிட்டு வைத்த தட்டு, கடைசியாக மணவறை. மணவறை என்றதும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். எழும்பிப் பின்னறைக்குப் போனார். நானும் போனேன். பிளேயரை மட்டும் அவர் விற்கவில்லை. தாடிக்காரரைப் போட்டு, தன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உன்னுடையதை எடுத்து என் பக்கம் தரையில் வைத்தார். கையில் தரவில்லை. கோபம் இன்னும் இருந்தது. நானே எடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஆகா என்று சொல்ல மாட்டேன். முதல் மூன்று பாட்டும் எனக்கு இப்போதும் பேய்க் கூத்துத்தான். ஒன்பது வருடம் ஒரே உறைக்குள் நாதஸ்வரத் தட்டோடு உரசிக் கிடந்ததில் கீறல் விழுந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் டிக் டிக் என்று கேட்கிறது. அந்தக் கீறல் என்னுடையது. கடைசிப் பாட்டு நீளமானது. அதன் நடுவில் பாடுகிறவர் வாயை மூடிவிடுகிறார். இரண்டு கிட்டார் மட்டும். ஒன்று ஏதோ சொல்லத் தொடங்க, மற்றது அதை முடிக்கிறது. பிறகு இரண்டும் சேர்ந்து ஏறுகின்றன. கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்பாவின் சுண்டுவிரல் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் ஒன்றாகச் சிரிப்பது இந்த இடத்துக்குத்தான் என்று எனக்கு விளங்கியது. அந்த இரண்டு கிட்டாருக்கும் நடுவில் நின்று செய்தி சொல்ல ஒரு ஆள் தேவையில்லை.

பாட்டு முடிந்ததும் அப்பா ஹெட்போனைக் கழற்றினார். "அவனோட நான் கதைக்கோணும்," என்றார். போனை எடுத்தார். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "எனக்கு அவன்ர நம்பர் தெரியாது," என்றார். தம்பி, நான் செய்த எல்லாமும் அந்த ஒரு வசனத்துக்குள் இருந்தது. நான் சொல்லச் சொல்ல, கைக்குக் கிடைத்த உறையிலேயே, மனோனின் பெயருக்குக் கீழே, பென்சிலால் உன் நம்பரை எழுதினார். எழுதிவிட்டுப் போனைத் திரும்ப வைத்தார். "முதல்ல நீர் உம்மட பிழையைச் சொல்லும். சபையில சொல்லும். பேந்து நான் எடுக்கிறன். என்ர பிழையை நான் சொல்லிக்கொள்ளுறன்," என்றார்.

கலியாணத்துக்குப் போகிற பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும். சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் தகுதி பார்த்தால் யாரும் யாருக்கும் சொல்ல முடியாது. நிரூபா ஏதாவது ஒன்றை ஆசையோடு கொண்டு வந்து உனக்குக் காட்டினால், அது உனக்குக் கூத்தாக இருந்தாலும் ஒருதரம் முழுதாகக் கேள். இரண்டாம் தரம் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். வயிறு எரிந்தால் எரிகிறது என்று சொல். பொறாமை வெட்கம் கெட்டது, வாயால் சொல்லாவிட்டால் கையால் வேலை செய்யும். ஒரு சந்தேகம் வந்தால் அன்றைக்கே கேள். அவளிடமும் இதைச் சொல். அவளை எனக்குப் பிடிக்கும். அவள்மேலும் எரிச்சல் இருக்கிறது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இனி ஒளிக்க எனக்கு உறை இல்லை. நாதஸ்வரத் தட்டை உனக்குத் தரலாம் என்று வைத்திருந்தேன். அதிலும் கீறல். வேண்டுமென்றால் எடுத்துக்கொள்.

மன்னிப்பாய் என்று எதிர்பார்த்து எழுதவில்லை. ஒரு மாதம் என்னோடு கதைக்காமல் இருந்தாலும் அது எனக்குத் தகும். ஒன்பது வருடம் தகப்பனோடு கதைக்காமல் இருந்த பிள்ளைக்கு ஒரு மாதம் தாயோடு கதைக்காமல் இருப்பது பெரிய காரியம் இல்லை. மணவறையில் உன் பக்கத்தில் அவர் நிற்பார். நான் எங்கே நிற்க வேண்டும் என்று நீ சொல். பின்வரிசை என்றாலும் வருவேன்.

பத்திரிகை வெள்ளிக்கிழமை வரும், ரொறன்ரோக் கடைகளிலும் போடுவார்கள். அதற்கு முந்தியே உனக்கு ஒரு பிரதி தபாலில் வந்திருக்கும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உன் தொலைபேசி அடிக்கும். நான் குசினியில் நிற்பேன். நீங்கள் என்ன கதைத்தீர்கள் என்று கேட்க மாட்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன். கேட்பேன். அப்பா சொல்ல மாட்டார். எனக்கு வயிறு எரியும், எரியட்டும். உன் போனில் வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை விழுகிற அதே வீட்டு நம்பர்தான் விழும். அதைப் பார்த்துவிட்டு, எடுத்த உடனே பழக்கத்தில், "சொல்லுங்கோ அம்மா" என்று சொல்லிவிடாதே.